ஏழாம் எண் தகவலாளியின் வலது கை

லூசியின் வலது கை ஜப்பானுக்குப் போயிருக்கிறது, போலந்துக்குப் போயிருக்கிறது, போன வருடம் போர்ச்சுகலுக்கும் போய்வந்துவிட்டது. லூசி மட்டும் மலேசியாவில், கெலாங் பாத்தாவிலேயே கிடந்தாள். அவள் கடைசியாகச் செய்த நெடும்பயணம், அதே மாநிலத்து ரெங்கத்தில் தங்கை மகளின் புதுநன்மை விருந்துக்கு. அதுவும் பாதி வழியில் மோட்டார் டயர் காலை வாரிவிட்டது.

ஒருத்தியின் கை மட்டும் எப்படித் தனியாக ஊர் சுற்றும் என்று கேட்பீர்கள். நாலு எழுத்துப் படித்தவர்கள் மனது வைத்தால் எதுதான் நடக்காது? கேளுங்கள்.

கெலாங் பாத்தாவுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை அழித்துக் கட்டிய தனியார் கல்லூரி ஒன்று இருக்கிறது. அதன் கீழ்த்தளத்தில் பன்னிரண்டு வருடமாகக் கேன்டீன் நடத்துகிறாள் லூசி. புருசன் தோமஸ் விடியுமுன் மோட்டாரில் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போய்விடுவான். இவள் ஆறு மணிக்கெல்லாம் அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள். பின்கட்டில் மீ என்னும் நூடுல்ஸும் ரொட்டியும் போட கிருஷ்ணம்மா. ஆறு மேசை, முப்பது நாற்காலி. இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்த அடுப்பு அது. லூசியிடமிருந்து அதைப் பிடுங்கினால் அவளிடம் மிச்சமிருப்பது முழங்கால் வலி ஒன்றுதான்.

அந்தக் கேன்டீனில் வாடிக்கையாளர்களுக்குப் பெயர் கிடையாது. என்ன சாப்பிடுகிறார்களோ, எங்கே உட்காருகிறார்களோ, அதுதான் பெயர். தேங்காய்ப்பால் சோறு தின்பவர் நாசி லெமாக், வறுத்த மீ தின்பவர் மீ கோரேங். "நாசி லெமாக்குக்குப் புள்ள பொறந்திருக்காம்." "ரெண்டாம் மேசைக்கு இன்னிக்கு மூஞ்சியே சரியில்ல." வாசலில் காவல் காக்கும் ஐயாசாமிக்குப் பெயர் தே ஓ கோசோங். பாலும் இல்லாமல் சீனியும் இல்லாமல் அவர் குடிக்கும் தேத்தண்ணீர் அது. அவருக்கு நீரிழிவு, மனைவி இல்லை, பத்து மணிக்கு முன்னால் எதுவும் சாப்பிட மாட்டார் என்பதெல்லாம் லூசிக்குத் தெரியும். மலேசியாவில் எந்தக் கடையில் போய் நின்றாலும் இப்படித்தான் கூப்பிடுவார்கள். யாரும் இதற்காக இதுவரை விமானம் ஏறியதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மழைநாளில் லூசி பின்கட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"மீ கோரேங் குடைய மறந்துட்டுப் போயிருச்சு! கிருஷ்ணம்மா, ஓடிப்போய்க் குடுத்துட்டு வா!"

ஓரத்து மேசையில் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்த டாக்டர் ரூபேந்திரனின் கரண்டி நடுவழியில் நின்றது. மஞ்சள் கரு சட்டையில் வழிந்தது. அவர் நாலாவது மாடியில் இயங்கும் தென்முனை அறிதிறன் மொழியியல் மேன்மை மையத்தின் இயக்குநர். மையத்தில் மொத்தம் இரண்டு பேர். ஒருவர் இயக்குநர், இன்னொருவர் உதவி ஆய்வாளர் ஷர்மினி. ரூபேந்திரனுக்கு லூசி வைத்த பெயர் அரைவேக்காட்டு முட்டை. தினமும் அவர் சாப்பிடுவது அதைத்தான். வேறு உள்நோக்கம் அப்போது இல்லை. வயிற்றுப் புண்காரர் என்று அவளே மிளகுத் தூளை நிறுத்திவிடுவாள்.

"அக்கா, இப்ப நீங்க என்ன சொன்னீங்கன்னு உங்களுக்கே தெரியாது" என்று எழுந்து வந்தார் ரூபேந்திரன்.

"தெரியும் சார். மீ கோரேங் குடைய விட்டுட்டுப் போயிருச்சு. வெளிய மழ."

"பள்ளிக்கூடத்துல ஆகுபெயர்னு படிச்சிருப்பீங்க. ஊர் சிரிச்சுதுன்னா ஊருல உள்ள மனுசன் சிரிச்சான்னு அர்த்தம். அத ரொம்ப நாளா வெறும் இலக்கணம், பேச்சுக்கு அலங்காரம்னு நெனச்சிட்டு இருந்தாங்க. இல்லக்கா! மனசே அப்படித்தான் வேல செய்யுது. ஒரு ஆள முழுசா நெனைக்க மனசுக்கு நேரமில்ல. அவன்கிட்ட பளிச்சுன்னு தெரியுற ஒண்ணப் புடிச்சிக்கிது, அது வழியா அவனத் தொடுது. நீங்க மீ கோரேங்க வச்சி அந்தப் பையனத் தொடுறீங்க."

"அலமாக், நான் யாரையும் தொடல சார்" என்றாள் லூசி பதறிப்போய்.

மறுநாள் அனுமதிப் படிவம் வந்தது. பதினோரு பக்கம். ஆய்வு நெறிமுறைப்படி அதை ஆய்வாளரே உரத்த குரலில் முழுதும் வாசித்துக் காட்ட வேண்டுமாம். ரூபேந்திரன் நாற்காலி மேல் ஏறி நிற்காத குறையாக வாசித்தார். பசியோடு நின்ற வரிசை கார் நிறுத்துமிடம் வரை நீண்டது. ஒன்பதாம் பிரிவு வந்ததும் அவர் குரலை இன்னும் உயர்த்தினார்.

"தகவலாளி எந்நேரமும், எக்காரணமும் கூறாது, ஆய்விலிருந்து விலகலாம். விலகும் பட்சத்தில் அவரிடமிருந்து பெற்ற ஒலி, எழுத்து, படம், இவற்றினின்று கிளைத்த யாவும் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அகற்றப்படும். பாத்தீங்களாக்கா, ஒரு மனுசிக்கு எவ்வளவு மரியாத!"

"மரியாதெல்லாம் இருக்கட்டும் சார், ரொட்டி கருகுது" என்று சொல்லி, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு லூசி கையெழுத்துப் போட்டாள். நகல் ஒன்றை அவளிடம் கொடுத்தார்கள். அன்று முதல் ஆவணங்களில் அவள் பெயர் தகவலாளி 7.

முதல் ஆறு பேர் என்ன ஆனார்கள் என்று நீங்கள் கேட்கலாம்; மதிப்பீட்டுக் குழுவும் பிற்பாடு கேட்டது. ஒருவர் ஒலிவாங்கியைக் கண்டதும் வாயே திறக்கவில்லை. ஒருவர் திறந்த வாயை மூடாமல் பாடினார். இரண்டு பேர் உலு திராமுக்கு வீடு மாற்றிப் போய்விட்டார்கள். ஒருவர் ஆங்கிலத்தில் மட்டுமே பேசுவேன் என்றார். ஆறாவது தகவலாளி ரூபேந்திரனே. அவரை நெறிமுறைக் குழு தள்ளிவிட்டது. ஆக மையத்தின் மொத்த ஆராய்ச்சியும் ஒரே ஒருத்தியின் நாக்கில் தொங்கியது.

காற்றாடிக்குப் பக்கத்தில் ஒலிவாங்கியைக் கட்டினார்கள். கல்லாவுக்கு மேலே "இயல்பாகப் பேசவும்" என்று பலகை மாட்டினார்கள். ஷர்மினி மூன்றாம் மேசையில் உட்கார்ந்து காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை எழுதினாள். அந்தப் பெண் பாவம், எழுதுகிற அவசரத்தில் சாப்பிட மறந்துவிடுவாள். "மூணாம் மேசைக்குப் பசிக்குது போல, எதையாவது குடு" என்று லூசி சொன்னது எடுத்துக்காட்டு 112 ஆகப் பதிவானது. எழுதியவளும் அவளே, பசித்தவளும் அவளே என்பதால், தன்னைப் பற்றித் தானே எழுத அனுமதி கேட்டு ஷர்மினி தனக்குத் தானே பதினோரு பக்கம் வாசித்துக் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று.

படம் எடுக்க வேண்டும் என்றார்கள். தகவலாளியின் அடையாளத்தைக் காக்க வேண்டும் என்பதால் முகம் கூடாது. கரண்டி பிடித்த வலது கையை மட்டும், எண்ணெய் தெறித்த தழும்போடு எடுத்தார்கள். அந்தக் கைதான் ஜப்பானில் சுவரொட்டியாய் நின்றது, போலந்தில் கைதட்டல் வாங்கியது. மையத்தின் சின்னமும் அதுவே ஆயிற்று. ரூபேந்திரன் கழுத்துப்பட்டியில் குத்தியிருந்த சிறு பித்தளை ஊசியும் லூசியின் கைதான். போன இடங்களிலிருந்து அவர் அவளுக்கு என்ன வாங்கி வந்தார்? போர்ச்சுகலிலிருந்து ஒரு சாவிக்கொத்து. அதிலும் அவள் கைதான்.

இதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டாள். ஆண்டறிக்கை நாள் வரை.

அன்றைக்குப் பலகாரம் பரிமாற அவளை மேலே கூப்பிட்டிருந்தார்கள். பரிமாறி முடித்துக் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். திரையில் எடுத்துக்காட்டு 41 வந்தது. "தே ஓ கோசோங் இன்னும் வரல, போய்ப் பாரு."

லூசிக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. மணி பத்தே கால். ஐயாசாமி வரவில்லை. என்றைக்கும் வராமல் இருக்க மாட்டார். அவள் கத்திய கத்தலில் கிருஷ்ணம்மா காவல் சாவடிக்கு ஓடினாள். மனிதர் சீனி இறங்கிப்போய் நாற்காலிக்கும் மேசைக்கும் நடுவே சரிந்து கிடந்தார். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் வாசலில் வேறு ஆள்தான் நின்றிருக்கும்.

ரூபேந்திரன் சுட்டொளியை அசைத்துக்கொண்டு பேசினார். "இதைக் கவனியுங்கள். இங்கே ஒரு மனிதன் ஒரு குவளைப் பானமாகச் சுருங்கிவிட்டான். தகவலாளியின் மனத்தில் அவன் மனிதத்தன்மை முற்றிலும் பின்னணிக்குத் தள்ளப்படுகிறது. அவளுக்கு ஆள் முக்கியமில்லை, பானம்தான் முக்கியம். கல்வியறிவு குறைந்த சூழலில் இத்தகைய சுருக்கம் துல்லியமாக வெளிப்படுகிறது. அந்த வகையில் நாம் அதிர்ஷ்டசாலிகள்."

கைதட்டினார்கள். லூசிக்கு அழுகை வரவில்லை. வந்தது ஆத்திரம். கூட்டம் முடிந்ததும் அவள் ஷர்மினியிடம் போனாள்.

"ஏம்மா, அன்னிக்கு நீயுந்தான் மூணாம் மேசைல இருந்த. ஐயாசாமிய ஆம்புலன்ஸ்ல ஏத்துனத அவர்கிட்ட சொல்லலியா?"

ஷர்மினி தலையைக் குனிந்துகொண்டாள். "சொன்னேங்க்கா. அது வாக்கியத்துக்கு வெளிய நடந்துச்சுன்னு சொல்லிட்டாங்க."

அடுத்த வாரம் கடிதம் வந்தது. மையத்தின் பெருமையைப் பொதுமக்கள் கண்டுகளிக்கக் கேன்டீன் அனுபவக் காட்சிக்கூடம் ஒன்றை நிறுவக் கட்டடம் முடிவு செய்திருப்பதாகவும், அந்த இடத்தைத் தற்போது அடைத்துக்கொண்டிருக்கும் கேன்டீன் முப்பது நாளில் அகற்றப்படும் என்றும் அதில் இருந்தது. லூசி மூன்று தடவை படித்தாள். கேன்டீனைத் தூக்கிவிட்டு, கேன்டீன் எப்படி இருந்தது என்று காட்டப்போகிறார்கள்.

முதல் மாடி நிர்வாக அலுவலகத்துக்குப் போனாள். முகப்பில் இருந்தவர் தலை நிமிராமல் தொலைபேசியில் சொன்னார்: "மேடம், கேன்டீன் வந்திருக்கு." பிறகு இவளிடம், "கேன்டீன் அங்க உக்காருங்க" என்றார். ஒன்றரை மணி நேரம் கேன்டீன் உட்கார்ந்தது.

"கட்டடம் முடிவு பண்ணிருக்குன்னு போட்டிருக்கே, கட்டடம்னா யாரு?"

"கட்டடம்னா மேலிடம்."

"மேலிடம்னா யாரு?"

"அஞ்சாவது மாடி லா, போய்ப் பாருங்க."

ஐந்தாவது மாடியில் கண்ணாடிக் கதவு, குளிரூட்டி ஓடும் சத்தம், ஒரு பெரிய மேசை, நாற்காலியின் முதுகில் ஒரு கோட்டு. ஆள் இல்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் சொன்னாள்: "நான் வந்து ரெண்டு வருசமாச்சு, இங்க மனுசன் யாரையும் பாத்ததில்ல. ஃபைல மேசைல வச்சிட்டுப் போவாங்க, மறுநாள் எடுத்துட்டுப் போவாங்க. கோட்ட மட்டும் மாசம் ஒரு தடவ துவைக்க அனுப்புவாங்க."

லூசி திரும்பி வந்தாள். "மேல கோட்டு மட்டுந்தான் இருக்கு" என்றாள்.

"அப்ப பாத்துட்டீங்க" என்று முகப்புக்காரர் கோப்பில் எழுதினார். "மனுதாரர் மேலிடத்தைச் சந்தித்தார். குறை தீர்ந்தது."

கடைசியாக நாலாவது மாடி. ரூபேந்திரன் அவளை உட்காரச் சொன்னார்.

"நான் முடிவு பண்ணலக்கா. மையம் முடிவு பண்ணுச்சு."

"மையத்துல நீங்களும் ஷர்மினியுந்தான சார் இருக்கீங்க? ஷர்மினி முடிவு பண்ணுச்சா?"

"சேச்சே. ஷர்மினிக்கு ஓட்டு இல்ல."

"அப்ப நீங்கதான."

"நான் வேற, மையம் வேற. நான் வருத்தப்படுறேன். மையத்தால வருத்தப்பட முடியாது." அவர் மேசை மேல் இருந்த வரைபடத்தைப் பிரித்தார். "உங்கள விட்டுடுவோமாக்கா? பாருங்க, நுழைவாசல்லயே உங்க கை. ஃபைபர்ல, ஒம்போது அடி. உங்க குரலும் ஓடிக்கிட்டே இருக்கும்."

"கைக்கு மேல நான் எங்க சார்?"

"கை போதுங்க்கா. இதத்தான் நான் வருசக்கணக்கா சொல்லிட்டு இருக்கேன். பளிச்சுன்னு ஒண்ணு இருந்தா மிச்சம் தேவையில்ல."

லூசி எழுந்து வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் மறு கன்னத்தைக் காட்டச் சொல்லிப் பிரசங்கம் வைத்தார். வீட்டுக்கு வந்ததும் லூசி பிஸ்கட் டின்னைத் திறந்து பிள்ளைகளின் ஞானஸ்நானப் பத்திரங்களுக்கு அடியிலிருந்து அந்தப் பதினோரு பக்கத்தை எடுத்தாள்.

"சாமியாரு சொன்னது காதுல விழலியா?" என்றான் தோமஸ்.

"கன்னத்தத்தான் காட்டச் சொன்னாரு. கையக் காட்டச் சொல்லல. நீ ஒம்போதாம் பிரிவ வாசி."

தோமஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தான். வாசிக்க வாசிக்க அவன் முகத்தில் ஒரு சந்தோசம் பரவியது. "லூசி, எங்க கம்பெனில ஃபாரத்துல என்ன போட்டிருக்கோ அத உயிரக் குடுத்தாவது செய்வானுங்க. இங்கயும் அந்த மாதிரி ஒருத்தன் எங்கயாவது உக்காந்திருப்பான். அவனத் தேடு."

திங்கட்கிழமை முதல் லூசி பேச்சை மாற்றினாள். இனி ஒரு சொல் கூட அவர்களுக்கு ஓசியில் கிடையாது. வந்தவர்களிடம் அடையாள அட்டை கேட்டாள். "பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த திரு ஐயாசாமி அவர்கள் பாலும் சீனியும் சேர்க்காத தேநீர் அருந்த வந்துள்ளார்" என்று பின்கட்டுக்கு அறிவித்தாள். கிருஷ்ணம்மா வாயைப் பொத்திக்கொண்டு தேத்தண்ணீர் கலந்தாள். "என்ன லூசி, எனக்குக் கல்யாணமா?" என்றார் ஐயாசாமி. விசயத்தைக் கேட்டதும் அவரும் நிமிர்ந்து நின்று முழுப்பெயர் சொன்னார். வரிசையில் நின்ற பிள்ளைகளும் தகப்பன் பெயர், ஊர் பெயரோடு சொன்னார்கள்.

ஐந்து நாள் ஒலிப்பதிவில் ஓர் ஆகுபெயர் கூடச் சிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ரூபேந்திரன் இறங்கி வந்தார்.

"அக்கா, இயல்பா பேசுங்க. மதிப்பீட்டுக் குழு வருது."

"இயல்பாத்தான் சார் பேசுறேன். மனுசனப் பின்னால தள்ளக் கூடாதுன்னு நீங்கதான மேல சொன்னீங்க?"

அவர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வருடச் சரக்கு கையில் இருக்கிறதே. அதற்குள் கேன்டீனின் பாதியை ஒட்டுப்பலகை வைத்து மறைத்து, அந்தப் பக்கம் காட்சிக்கூடம் எழும்பிவிட்டது. ஃபைபர் ரொட்டி, பிளாஸ்டிக் மீ, ஆவி வருவதுபோல் புகை விடும் இயந்திரம். பசியில் வந்த மாணவர்கள் அந்தப் பக்கம் போய் ரொட்டியைக் கடித்துப் பல் கூசித் திரும்பினார்கள். திறப்பு விழா முப்பதாம் நாள் காலை ஒன்பது மணிக்கு. அன்று மாலை ஐந்துக்கு லூசி அடுப்பை அணைக்க வேண்டும்.

தோமஸ் சொன்ன ஆள் கிடைத்தார். மாடிப்படிக்கு அடியில், பழைய நகலெடுக்கும் இயந்திரத்துக்குப் பின்னால், நெறிமுறைக் குழுச் செயலாளர் லெட்சுமணன். இருபத்தொன்பதாம் நாள் காலை எட்டு மணிக்கு லூசி அவர் முன்னால் நின்றாள்.

"வணக்கம் சார். நான் கேன்டீன்..."

"கேன்டீனுக்கு இங்க எடமில்லம்மா. முதல் மாடி."

"தகவலாளி ஏழு சார். நான் விலகுறேன்."

லெட்சுமணன் மெல்ல எழுந்தார். சட்டைப் பித்தானைச் சரி செய்தார். "காரணம் சொல்லாதீங்க!" என்று அவசரமாகக் கையைக் காட்டித் தடுத்தார். "காரணம் கேட்டா என் மேல தப்பாயிடும்." இழுப்பறையிலிருந்து நெகிழி உறை பிரிக்காத முத்திரை ஒன்றை எடுத்தார். "ஒம்போது வருசமா இந்த முத்திர சும்மா கெடக்குதும்மா. இந்தக் குழு மனுசங்களப் பாதுகாக்கத்தான் இருக்கு. மனுசங்க யாரும் வராததால இதுவரைக்கும் குறையே இல்லாம நடந்துச்சு. எத்தனையோ பேருக்கு நான் ஃபாரம் குடுத்திருக்கேன், யாரும் வாசிக்கிறதில்ல. ஆராய்ச்சியாளருங்க வாசிக்கவே மாட்டாங்க. நீங்க வாசிச்சீங்களே!"

"அவரே சத்தமா வாசிச்சாரு சார். ஊரே கேட்டுச்சு."

"நெறிமுறையக் கடைப்பிடிச்சிருக்காரு. ரொம்ப நல்ல மனுசன்" என்று லெட்சுமணன் நெகிழ்ந்துபோய் முத்திரையை ஓங்கிக் குத்தினார். லூசியின் வலது கை கையெழுத்துப் போட்டது.

"எல்லாமும் போயிடுமா சார்?"

"கிளைத்த யாவும்னு இருக்குதம்மா. யாவும்னா யாவும்தான். நாளைக்குக் காலைல எட்டு மணிக்குள்ள."

அன்றைக்கு முழுதும் ரூபேந்திரன் மதிப்பீட்டுக் குழுவை அழைத்துவர விமான நிலையத்தில் இருந்தார். அவருக்கு அனுப்பிய அறிவிப்பு, விதிப்படி, அவர் அறைக்கதவின் இடுக்கு வழியாகப் போடப்பட்டது. பார்த்தவள் ஷர்மினி ஒருத்திதான். அவள் அவருக்குத் தொலைபேசியில் சொல்ல முயன்றாள். "விழா சம்பந்தப்பட்டதா? வாக்கியத்துக்குள்ள வர்றதா இருந்தா மட்டும் சொல்லு" என்றார் அவர். ஷர்மினி ஒரு கணம் யோசித்தாள். "வெளியதான் சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

முப்பதாம் நாள் காலை ஒன்பது மணி. வெளிநாட்டிலிருந்து வந்த மூன்று மதிப்பீட்டாளர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். நுழைவாசலில் ஒன்பது அடிக் கை நின்ற இடத்தில் நாலு திருகாணி மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. கை எங்கே என்று ரூபேந்திரன் திகைத்தபோது, இரண்டு வேலையாட்கள் அதைக் கறுப்புக் குப்பைப் பையில் சுற்றிச் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சின்ன விரல் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. லெட்சுமணன் பக்கத்தில் நின்று அதையும் உள்ளே தள்ளச் சொன்னார்.

ரூபேந்திரன் மேடையேறினார். முதல் படவில்லையில் லெட்சுமணன் இரவோடிரவாக ஒட்டிய கறுப்புப் பெட்டி. அதன் கீழே "தகவலாளி விலகியதால் அகற்றப்பட்டது." இரண்டாவதிலும் அதுவே. நாற்பத்தொன்றிலும் அதுவே. இருநூற்றுப் பதினேழு வில்லைகளையும் அவர் ஒன்று விடாமல் தட்டிப் பார்த்தார், எங்காவது ஒரு மீ கோரேங் தப்பியிருக்குமா என்று. ஒலிப்பெருக்கியில் லூசியின் குரல் இருந்த இடத்தில் காற்றாடிச் சத்தம்கூட இல்லை. லெட்சுமணன் ஓசைப்படாமல் மேடையேறி, "மன்னிக்கணும் சார், இதுவும் கிளைதான்" என்று அவர் கழுத்துப்பட்டியிலிருந்த பித்தளைக் கையைக் கழற்றிச் சிறு உறையில் போட்டுக்கொண்டார்.

மதிப்பீட்டாளர்களில் ஒரு அம்மாள் கேட்டாள். "பரவாயில்லை, டாக்டர். உங்கள் சொந்தப் பேச்சிலிருந்தே ஒரு எடுத்துக்காட்டு சொல்லுங்களேன்."

ரூபேந்திரன் யோசித்தார். மூன்று வருடமாக அவர் காதில் விழுந்ததெல்லாம் அவள் குரல்தான். தன் வாயிலிருந்து ஒன்று வரவில்லை. கடைசியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மையம்... முடிவு... செய்தது."

"நல்ல எடுத்துக்காட்டு" என்று அந்த அம்மாள் எழுதிக்கொண்டாள். "மையம் என்றால் இங்கே யார்?"

ரூபேந்திரன் மேடையை விட்டு இறங்கினார். ஒட்டுப்பலகையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் ஓடி வந்தார். லூசி கல்லாவில் நின்று மிளகாய்ச் சம்பாலைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க? மூணு வருசத்து உழைப்புக்கா!"

"நான் பண்ணல சார்" என்றாள் லூசி. கரண்டியைத் தூக்கி, தழும்புள்ள வலது கையை அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். "கை முடிவு பண்ணுச்சு. நான் வேற, கை வேற. நான் வேணா வருத்தப்படலாம். கையால வருத்தப்பட முடியாது. நீங்க மேல கையக் கூட்டிட்டுப் போனப்ப என்னையும் கூட்டிட்டுப் போயிருந்தா, நான் அதுகிட்ட எடுத்துச் சொல்லியிருப்பேன்."

"ஒரே ஒரு வாக்கியம்! ஒண்ணு போதும். குடை வாக்கியத்த மட்டுமாவது திருப்பிக் குடுங்க."

அப்போது வாசலில் நிழல் தட்டியது. மணி பத்தாகியிருந்தது. லூசி பின்கட்டைப் பார்த்து, ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த முழுக்குரலில் கத்தினாள்: "கிருஷ்ணம்மா! தே ஓ கோசோங் வந்தாச்சு, தட்ட வையி!"

ரூபேந்திரன் சட்டைப்பையிலிருந்து பேனாவைத் தேடி எடுத்தார். ஒட்டுப்பலகைக்கு அந்தப் பக்கமிருந்து லெட்சுமணன் எட்டிப் பார்த்தார். பேனா உள்ளே போய்விட்டது.

மதிப்பீட்டாளர்கள் மூன்று பேரும் பசியோடு வந்தவர்கள். பிளாஸ்டிக் மீயைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வாசனை பிடித்து இந்தப் பக்கம் வந்து நாலாம் மேசையில் உட்கார்ந்து இரண்டு தடவை நாசி லெமாக் வாங்கினார்கள். அறிக்கையில் அவர்கள் எழுதியது ஒரே வரி: இக்கட்டடத்தில் வேலை நடக்கும் இடம் கேன்டீன் மட்டுமே. அந்த அறிக்கை ஐந்தாவது மாடிக்குப் போயிற்று. கோட்டு அதை வைத்து என்ன செய்ததோ, மறுநாள் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்றில், காட்சிக்கூடம் கைவிடப்பட்டதாகவும் கேன்டீன் இருந்த இடத்திலேயே தொடரும் என்றும் இருந்தது. லூசி அதைப் பிஸ்கட் டின்னில் வைத்தாள். இன்னொன்று நாலாவது மாடிக்கு. மையத்தை முப்பது நாளில் அகற்றக் கட்டடம் முடிவு செய்துள்ளது.

ரூபேந்திரன் முதல் மாடிக்குப் போனார். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார். ஐந்தாவது மாடிக்கும் போனார். மேலிடத்தைச் சந்தித்தார் என்று அவர் கோப்பிலும் எழுதி மூடிவிட்டார்கள். ஷர்மினி பக்கத்து ஊரில் நல்ல வேலைக்குப் போய்விட்டாள். சனிக்கிழமைகளில் வந்து மூன்றாம் மேசையில் பேனா இல்லாமல் சாப்பிடுகிறாள்.

கடிதம் வந்த மறுவாரம், கூட்டம் நெரியும் மதிய வேளையில், ரூபேந்திரன் வரிசையில் நின்றார். அவர் முறை வந்தது. முன்பெல்லாம் அவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. தலையைக் கண்டதுமே முட்டை வெந்நீருக்குள் இறங்கிவிடும், மிளகுப் புட்டி மறைந்துவிடும். இன்று லூசி அவரை முன்பின் பார்த்திராதவள் போல நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன வேணும்?"

"அக்கா... நான்தான். முட்ட."

லூசி கல்லாவுக்கு அடியில் குனிந்தாள். கூட்ட நேரத்தில் அறியாத முகங்களுக்குக் கொடுக்கும் பிளாஸ்டிக் அட்டைகள் ஒரு பெட்டியில் கிடந்தன. நிதானமாகத் தேடி, ஒன்றை எடுத்து, ஏப்ரனில் துடைத்து அவர் கையில் வைத்தாள். அதில் எண் 7 என்றிருந்தது.

"கிருஷ்ணம்மா, ஏழுக்கு முட்ட ஒண்ணு" என்றாள். "மிளகு எல்லாருக்கும் போடுற மாதிரி போடு."

பிறகு அவரைத் தாண்டி அடுத்த ஆளைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏழு, கொஞ்சம் ஓரமா நில்லுங்க. மீ கோரேங்குக்கு வழி விடுங்க."